ஸ்னோமொபைல் ஓட்ட மெல்லிய கையுறை: நனையாமல் தப்பிக்க என்ன வாங்கலாம்?

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் ஜப்பானின் ஹொக்கைடோவுக்கும் கனடாவின் விஸ்லருக்கும் டிக்கெட் போட்ட நம் சிங்கப்பூர்க்காரர்களிடமிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் கடையிலேயே முடிவாகிவிடுகிறது. கையுறையில்தான் குழப்பம். அதுவும் பனிமலையில் ஸ்னோமொபைல் எனும் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியை ஓட்டப் போகிறவர்களுக்கு விரலும் அசைய வேண்டும், கையும் காய்ந்திருக்க வேண்டும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

குளிருக்குத் தடிமனான கையுறைதானே நல்லது? ஏன் மெல்லியதைச் சொல்கிறீர்கள்?

பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்குத் தடிமன்தான் நல்லது. அவர் மேற்கொண்டு படிக்கத் தேவையே இல்லை. ஓட்டுகிறவருக்குக் கதை வேறு. மோட்டார் சைக்கிளில் பிடியைத் திருகுவது போல ஸ்னோமொபைலில் திருகுவதில்லை. வலது பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதைக் கட்டைவிரலால் தள்ளினால் வண்டி போகும். பிரேக் இடது கையில். தடித்த கையுறை போட்டால் ஒவ்வொரு முறையும் நெம்போடு சேர்த்து உள்ளே இருக்கும் பஞ்சையும் அமுக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நேரத்திலேயே கட்டைவிரலின் அடிச்சதை கடுக்கத் தொடங்கும், அப்புறம் வேகத்தை அளந்து கொடுக்க வராது.

சமதரைப் பாதையில் வரிசையாகப் போகும் சுற்றுலா என்றால் இதைச் சமாளித்துவிடலாம். மலைச்சரிவில் முடியாது. அங்கே பெரும்பாலும் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும், பெட்ரோலோடு இருநூறு கிலோவைத் தாண்டும் வண்டியை உடம்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும், புதைந்தால் தோண்டி எடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முதுகு வியர்க்கும், கையும் வியர்க்கும். இன்னொன்று, இந்த வண்டிகளின் பிடியிலும் கட்டைவிரல் நெம்பிலும் மின்சூடு உண்டு. உள்ளங்கைப் பக்கம் பஞ்சு நிறைந்திருந்தால் அந்தச் சூடு உங்கள் கைக்கு வந்து சேராது. அதனால் உள்ளங்கை மெல்லியதாகவும், காற்று வந்து மோதும் புறங்கையில் கொஞ்சம் பஞ்சும் உள்ள கையுறைதான் நான் முதலில் தேடுவது.

மெல்லியதாகவும் இருக்க வேண்டும், நனையவும் கூடாது. ஒரே ஜோடியில் இரண்டும் கிடைக்குமா?

அரை நாளுக்குக் கிடைக்கும். முழு நாளுக்குக் கிடைப்பது கடினம், எவ்வளவு வெள்ளி கொடுத்தாலும். விலை உயர்ந்த ஒரு ஜோடிக்குப் பதிலாக நடுத்தர விலையில் இரண்டு மெல்லிய ஜோடிகள் வாங்குங்கள். ஒன்று கையில் இருக்கட்டும், மற்றொன்று ஜாக்கெட்டின் உள்பையில் உடல் சூட்டில் இருக்கட்டும். மதிய உணவின்போது மாற்றிக்கொள்ளுங்கள். இவை தவிர முதுகுப்பையில் விரல்கள் பிரியாத தடித்த மிட்டன் ஒரு ஜோடி. வண்டி நின்றுபோய் உதவிக்குக் காத்திருக்க நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

பனி காய்ந்த பொருள்தானே, கை எப்படி நனைகிறது?

நல்ல கேள்வி. ஹொக்கைடோவின் தூள்பனி நிஜமாகவே காய்ந்ததுதான். -10 டிகிரியில் கையுறைமேல் விழுந்தால் தட்டிவிட்டால் போய்விடும். சிக்கல் அதை உருக்கும் சூட்டில் இருக்கிறது. புதைந்த வண்டியை மீட்கக் கையால் பனியை வாரித் தள்ளுகிறீர்கள். விரலிடுக்கிலும் தையல் பள்ளங்களிலும் பனி ஒட்டியிருக்கிறது. அப்படியே ஏறிச் சூடான பிடியைப் பிடித்தால், ஒட்டிய பனி அத்தனையும் உள்ளங்கைக்குக் கீழே தண்ணீராகும். நீங்கள் பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அந்தத் தண்ணீர் தையலுக்குள் அழுந்தும். அதனால் பிடியைப் பிடிக்கும் முன் இரண்டு கையையும் தட்டி, விரலிடுக்கைத் துடைத்துவிடுங்கள். காசில்லாத வேலை, ஆனால் பாதிப் பேர் செய்வதில்லை.

இரண்டாவது வழி மணிக்கட்டு. கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால்கூடப் பனி உள்ளே போய் உருகி விரல் நுனி வரை இறங்கும். கையுறை நனைந்துவிட்டது என்று பழி போடுகிறவர்களில் பலருக்கு நனைந்தது இந்த வழியாகத்தான்.

மூன்றாவது உங்கள் வியர்வை. இதைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள். வெளித்துணி காய்ந்திருக்கும், உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், எந்த வழியாக வந்த ஈரமானாலும் வண்டி நின்ற ஐந்தாவது நிமிடம் விரல் விறைக்கத் தொடங்கிவிடும்.

விஸ்லர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். பசிபிக் கடலோர மலை என்பதால் பனி ஈரமாகவே விழும் நாட்கள் அதிகம், அடிவாரத்தில் மழையே பெய்யும். அங்கே போகிறவர்கள் இரண்டு ஜோடியை மூன்றாக்கிக்கொள்ளலாம்.

கோர்-டெக்ஸ் என்று லேபிள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். 1969ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் குடும்பத்துப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த சவ்வாக விரிந்தது. அதுதான் கோர்-டெக்ஸ். ஒவ்வொரு துளையும் நீர்த்துளியைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அதனால் தண்ணீர் உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியேறும். இதுவரை விளம்பரம் சொல்வது உண்மைதான்.

கையுறையில் அந்தச் சவ்வு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலும் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் ஒரு தனிப் பை போலச் செருகியிருப்பார்கள். சவ்வு நனையாது, ஆனால் அதற்கு வெளியே இருக்கும் துணியும் தோலும் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அப்போது ஆவி வெளியேற வழியடைத்துப்போகும், ஈரத் துணி கையைக் குளிர்விக்கும். தண்ணீர் உள்ளே வராமலே உள்ளே ஈரமாகி நிற்கும் கதை இதுதான். வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோட ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அது தேயத் தேய மேல்பூச்சு ஸ்பிரே அடிக்க வேண்டும், தோல் பகுதிக்கு மெழுகு தேய்க்க வேண்டும். வாங்கிய பெட்டியோடு விமானம் ஏறாமல், இந்த வேலையை இங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொரு தொல்லை. ஈரக் கையை வெளியே இழுக்கும்போது உள்துணியும் கூடவே வந்துவிடும். விரல்கள் உள்ளே திரும்பிக்கொள்ளும், மறுபடி போட்டால் மோதிரவிரல் எங்கே நுழைவது என்று தெரியாது. பனிக்காற்றில் நின்று அதைக் குச்சியால் குத்திச் சரிசெய்வது நரகம். கடையிலேயே கையைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு போட்டு, வேகமாகக் கழற்றிப் பாருங்கள். உள்துணி நுனி வெளியே எட்டிப் பார்த்தால் அந்த ஜோடி வேண்டாம்.

சவ்வே இல்லாத மெல்லிய கையுறைகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். சீக்கிரம் நனையும், ஆனால் சீக்கிரம் காயும். -10க்குக் கீழே தூள்பனியில், சூடான பிடியோடு நாள் முழுக்க ஓட்டுகிற அனுபவசாலிகள் பலர் அதைத்தான் மூன்று நான்கு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். முதல்முறை போகிறவருக்கு நான் சவ்வு உள்ளதையே சொல்வேன்.

சிங்கப்பூர்க் கடையில் போட்டுப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிட்டது. அங்கேயும் இப்படித்தானா?

இல்லை. ஈரத்தை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள நீராவி வித்தியாசம். நம் ஊரில் 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். -10 டிகிரிக் காற்றில் அதிகபட்சமே இரண்டு கிராம் சொச்சம்தான். இங்கே வெளியே போக இடமில்லாத ஆவிக்கு அங்கே கதவு திறந்திருக்கும். அதனால் கடைத்தொகுதியில் வியர்ப்பதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். விரல் மடங்குகிறதா, கட்டைவிரல் அமுக்க வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தோலா, துணியா, ரப்பரா?

உள்ளங்கைக்கு ஆட்டுத்தோல். மெல்லியதாக இருந்தும் கிழியாது, பிடியும் வழுக்காது. புறங்கைக்கு நைலான் போன்ற இழுபடும் துணி போதும். முழுத் தோல் கையுறை ஒருமுறை ஊறிவிட்டால் அன்றைக்குக் காயாது.

ஒரு விஷயம் கவனியுங்கள். குளிர்ப்பிரதேச வேலைக் கையுறைகளில் பன்றித்தோல் மிகச் சாதாரணம். பனிச்சறுக்கு ஊழியர்கள் விரும்பிப் போடும் கின்கோ நிறுவனத்தின் மஞ்சள் கையுறையும் அதில்தான் வருகிறது. முஸ்லிம் நண்பர்களும் மாட்டுத்தோல் தவிர்ப்பவர்களும் லேபிளில் ‘தோல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் எந்த விலங்கு என்று கேட்டு வாங்குவது நல்லது. செயற்கைத் தோலிலும் நல்லவை இருக்கின்றன.

ரப்பர் என்றதும் சிரிக்காதீர்கள். ஜப்பானில் ஷோவா நிறுவனம் ‘டெம்ரெஸ்’ என்றொரு வேலைக் கையுறை செய்கிறது. பாலியூரித்தேன் பூச்சு, தண்ணீர் புகாது, ஆவியை ஓரளவு வெளியே விடும். குளிருக்கென்று உள்ளே பஞ்சு வைத்த 282 என்ற வகையும் உண்டு. வெளிவேலை செய்பவர்களுக்கென்று வந்ததை இப்போது மலையேறிகளும் பனிச்சறுக்குக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். ஹொக்கைடோ போகிறவர்கள் சப்போரோவில் வீட்டுச் சாமான், தோட்டச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் தேடலாம். விலை இரண்டாயிரம் யென்னை ஒட்டி இருக்கும். பார்க்க அழகில்லை, படத்தில் பாத்திரம் கழுவ வந்தவர் போலத் தெரிவீர்கள். ஆனால் மாற்றுக்கு வைக்கும் இரண்டாவது ஜோடிக்கு இதைவிடச் சிக்கனமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. நெருப்புக்கும் சூடான புகைக்குழாய்க்கும் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

என்னிடம் நல்ல மோட்டார் சைக்கிள் கையுறை இருக்கிறது. அது போதாதா அண்ணே?

நம் ஊர் வெயிலுக்கான துளை போட்ட கையுறை என்றால் போதவே போதாது தம்பி. மழைக்கானது என்றால், சமதரையில் ஒரு மணி நேரச் சுற்றுலாவுக்கு உள்கையுறையோடு ஓட்டிவிடலாம். விரல்முட்டியில் கெட்டி பிளாஸ்டிக் கவசம் வைத்தவற்றைத் தவிருங்கள். அது ஜாக்கெட் கைக்குள் நுழையாது, விரலையும் இறுக்கும். கட்டுமானத் தளத்தில் போடும் ரப்பர் தோய்த்த பின்னல் கையுறையும் ஆகாது. உள்ளங்கையில்தான் பூச்சு, புறங்கை வெறும் நூல். அதில் பருத்தி கலந்திருந்தால் இன்னும் கேடு, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

அளவை எப்படிப் பார்ப்பது?

கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளவுநாடா பிடியுங்கள். ஐரோப்பிய அளவில் 178 மில்லிமீட்டர் என்றால் 7, 203 என்றால் 8, 229 என்றால் 9. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஜப்பானிய அளவு நமக்குப் பொருந்தும், அமெரிக்க அளவில் ஒன்று குறைத்துப் பாருங்கள்.

முஷ்டி பிடித்தபோது விரல் நுனி துணியில் முட்டினால் சிறியது. முட்டினால் அங்கே காற்று நிற்காது, ரத்தம் ஓடாது, முதலில் விறைப்பது அந்த நுனிதான். கைவிரித்தால் நுனியில் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். உள்கையுறை போடுவதாக இருந்தால் அதையும் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

மணிக்கட்டுப் பட்டை நீளமா, குட்டையா?

ஜாக்கெட் கைநுனியை இறுக்கிக் கட்ட முடிந்தால் குட்டை, கையுறை உள்ளே போகும்படி. கைநுனி அகலமாக இருந்தால் நீளம், கையுறை வெளியே வரும்படி. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இங்கே பனியே இல்லை. வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

உண்டு. கையில் ஒரு டிஷ்யூத் தாளைச் சுற்றிக்கொண்டு கையுறையைப் போடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மணிக்கட்டுக்குக் கீழே வரை ஐந்து நிமிடம் முக்கி வையுங்கள், சும்மா வைக்காமல் வாளிக்குள் ஒரு துடைப்பக் கட்டையைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். அழுத்தம் இல்லாத சோதனை எதையும் காட்டாது. வெளியே எடுத்து, துடைத்து, கழற்றி, தாளைப் பாருங்கள். விரலிடுக்கில் ஈரப்பொட்டு இருந்தால் தையல் கசிகிறது என்று அர்த்தம், பில்லை எடுத்துக்கொண்டு போய் மாற்றுங்கள். கடையின் மாற்றும் விதிகளை முன்பே கேட்டுவைத்தால் சண்டை வராது. தாள் முழுக்கச் சீராக ஈரமாக இருந்தால் அது பெரும்பாலும் உங்கள் வியர்வை. ஏர்கான் அறையில் செய்து பார்த்தால் அந்தக் குழப்பம் குறையும்.

உள்கையுறை அவசியமா?

மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டரில் மிக மெல்லியதாக ஒன்று இருக்கட்டும். கையுறையைக் கழற்றிப் படம் எடுக்கும்போதும் ஹெல்மெட் பட்டையை மாட்டும்போதும் வெறுங்கை உலோகத்தில் படாது.

கை மிக அதிகமாக வியர்ப்பவர்களுக்கு இன்னொரு வழி: மருந்துக்கடையில் பெட்டியாக விற்கும் நைட்ரைல் கையுறையை அடியில் போடுவது. கை ஈரமாகும், ஆனால் அந்த ஈரம் கையுறையின் பஞ்சுக்குள் போகாது, பஞ்சு காய்ந்தே இருக்கும். முதல் அரை மணி நேரம் அருவருப்பாக இருக்கும். அப்புறம் மறந்துவிடுவீர்கள். ஒரே ஜோடிதான் இருக்கிறது, அது நாள் முழுக்க வர வேண்டும் என்றால் இதைவிட நல்ல உபாயம் இல்லை.

வெப்பநிலை -10 என்று போட்டிருக்கிறது. மெல்லியது தாங்குமா?

காற்று இல்லாத இடத்தில் -10 பெரிய விஷயமில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது -21 போலத் தோலைத் தாக்கும். -15ல் 50 கிலோமீட்டர் என்றால் -29. வண்டியின் பிடிக்கு முன்னால் காற்றுத் தடுப்பு இருந்தால் பெரிய ஆறுதல், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஹோட்டல் வாசலில் பார்த்த வெப்பநிலை மலைமுகட்டுக்குப் பொருந்தாது. சூடான பிடி, காற்றுத் தடுப்பு இரண்டும் இருந்தால் -15 வரை மெல்லியது போதும். அதற்குக் கீழே போனால் தடித்ததுக்கு மாறுங்கள், விரல் அசைவு கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

பேட்டரிக் கையுறை, சூட்டுப் பொட்டலம்?

பேட்டரிக் கையுறை மெல்லியதாக இருக்காது, அதனால் இங்கே பேச்சில்லை. வாங்கினால் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் கொண்டுபோங்கள், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ‘கைரோ’ எனப்படும் இரும்புத்தூள் பொட்டலம் ஜப்பானில் எங்கும் கிடைக்கும். அதற்கு வேலை செய்யக் காற்று வேண்டும். இறுக்கமான கையுறைக்குள் திணித்தால் அணைந்துவிடும். ஜாக்கெட் உள்பையில், மாற்று ஜோடியோடு சேர்த்துப் போட்டுவைத்தால் மாற்றும்போது சூடான கையுறை கிடைக்கும்.

அங்கேயே வாடகைக்குத் தருவார்களாமே?

பெரும்பாலான இடங்களில் தருவார்கள். உடை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் வாடகைக்கு எடுங்கள், கையுறையை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேறொருவர் வியர்த்த கையுறை மதியம் உங்களுக்கு வரும், அது முழுசாகக் காய்ந்திருக்க வாய்ப்பில்லை. காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே பெரும்பாலும் ஓட்டுநரே ஓட்டுவார் என்பதால் மெல்லியது தேவைப்படாது. தடித்ததாக, காய்ந்ததாக ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

நடுவழியில் நனைந்து, விரல் மரத்துப்போனால்?

வண்டியை நிறுத்துங்கள், வழிகாட்டியிடம் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். ஈரக் கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, அக்குளில் வைத்துச் சூடாக்கி, காய்ந்த ஜோடியைப் போடுங்கள். பனியை வைத்துத் தேய்ப்பது பழைய தவறான வைத்தியம், தோலைக் கிழித்துவிடும். விரல் வெளிறி, மெழுகு போல், தொட்டால் தெரியாமல் இருந்தால் உறைகாயம். மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்குப் போனபிறகு, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து மருத்துவரைப் பாருங்கள். ஹீட்டர்மேல் வைக்காதீர்கள், மரத்த கைக்குச் சுடுவது தெரியாது.

பெட்ரோல் நிரப்ப உதவி கேட்டால், தனி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தக் குளிரில் பெட்ரோல் உறையாது. -15ல் கிடந்த பெட்ரோல் -15லேயே உங்கள் கையில் கொட்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவரும் ஓட்ட ஆசைப்படுகிறார்.

நீண்டகாலச் சர்க்கரையில் விரல் நுனி உணர்ச்சி குறைந்திருக்கலாம். குளிர் எச்சரிப்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள். அவருக்கு மெல்லிய கையுறை வேண்டாம், பின்சீட்டில் மிட்டன் போட்டு உட்காரட்டும். அரை மணிக்கு ஒருமுறை நீங்களே அவர் விரலைப் பாருங்கள்.

பனிச்சரிவு அபாயமுள்ள மலைக்கு வழிகாட்டியோடு போகிறோம். கையுறையில் வேறு ஏதும் பார்க்க வேண்டுமா?

கையுறையோடு நான்கு வேலை செய்ய வர வேண்டும்: என்ஜினை நிறுத்தும் கயிற்றை மாட்டிக் கழற்றுவது, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் மாட்டியிருக்கும் தேடற்கருவியைச் சிக்னல் அனுப்பும் நிலையிலிருந்து தேடும் நிலைக்கு மாற்றுவது, புதைந்தவர் இருக்கும் ஆழம் பார்க்கும் கம்பியை விரிப்பது, பனிச்சரிவில் உப்பி ஆளை மேலே நிறுத்தும் காற்றுப்பை உள்ள முதுகுப்பையின் கைப்பிடியை இழுப்பது. கிளம்பும் காலையில் வழிகாட்டி இவற்றைச் செய்யச் சொல்வார். அப்போது கையுறையைக் கழற்றாமல் செய்து பாருங்கள். வராவிட்டால் அந்தக் கையுறை அந்த மலைக்கு ஆகாது.

இரவில் எப்படிக் காயவைப்பது?

பனிச்சறுக்கு ஊர்களில் பல தங்குமிடங்களில் உலர்த்தும் அறை இருக்கும். இல்லாவிட்டால் ஹீட்டரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, வாய் அகல விரித்து வையுங்கள். நேராக ஹீட்டர்மேல் போட்டால் தோல் விறைத்து, சவ்வை ஒட்டிய பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

திரும்பி வந்தபின் அடுத்த ஆண்டுவரை எப்படி வைப்பது?

பனி மலையில் தப்பிய கையுறை நம் வீட்டில் சாமான் அடைத்துவைக்கும் பதுங்கறையான பாம் ஷெல்டரில் செத்துவிடும். பெட்டியை இறக்கிய கையோடு அப்படியே உள்ளே தள்ளினால் தோலில் பச்சைப் பூஞ்சை வரும். லேபிள் பார்த்துத் துவைத்து, நிழலில் விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்தி, தோலுக்கு மெழுகு தேய்த்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில் வையுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் அதில் ஒரு மூலை போதும். பாலியூரித்தேன் பூச்சு உள்ளவை எப்படி வைத்தாலும் நம் ஈரத்திலும் வெக்கையிலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். பழைய ஜோடியைப் பெட்டியில் போடும் முன் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள், வாளிச் சோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.